“சேர், சுடுதண்ணி ஊத்தினா ஈஸ்ட் செத்துரும்”



நோன்பு விடுமுறை தொடங்கியதிலிருந்து பெற்றோர் பலர் என்னிடம் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள். “சேர், புள்ள விடிஞ்சா பொழுதுபட்டா ஃபோனோடதான். ஏதாவது வேல கொடுங்களன்.” சிலர் நல்ல பயிற்சிப் புத்தகம் ஒன்றின் பெயரைக் கேட்கிறார்கள். விடுமுறையிலும் பயிற்சிப் புத்தகமா என்று பிள்ளையின் முகம் சுருங்குவதை ஃபோனிலேயே என்னால் பார்க்க முடிகிறது.

அதனால் இன்று குசினியில் செய்யக்கூடிய நான்கு பரிசோதனைகளை எழுதுகிறேன். கடைக்குப் போய்ப் பெரிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. முட்டை விற்கிற விலையில் முட்டையை வினாகிரியில் போடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அதற்கு முதல் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

போன வருடம் இரண்டாம் தவணை. தரம் 7 வகுப்பு. நுண்ணங்கிகள் பற்றிய பாடம். ஈஸ்ட், அதாவது புத்தகத்தில் மதுவம் என்று வருவது, சீனியை உடைத்துக் காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும் என்பதைக் காட்டப் போத்தல், பலூன் எல்லாம் கொண்டு போனேன். ஒரு பாடவேளை 40 நிமிடம். அதற்குள் பலூன் ஊத வேண்டும் என்ற அவசரத்தில், ஆசிரியர் ஓய்வறையில் பிளேன்டீக்கு வைத்திருந்த பிளாஸ்க்கிலிருந்து தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். சூடு கூடினால் வேகமும் கூடும் என்பது என் கணக்கு.

பாடவேளை முடிந்தது. பலூன் போத்தலின் கழுத்தில் வாடிய வெற்றிலை மாதிரித் தொங்கியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “கடைக்காரன் பழைய ஈஸ்டத் தந்திட்டான்” என்றேன்.

அப்போது கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன். கிழமையில் மூன்று நாளாவது பிந்தி வருபவன். அதற்காக என்னிடம் பல தடவை ஏச்சு வாங்கியவன். “சேர், சுடுதண்ணி ஊத்தினா ஈஸ்ட் செத்துரும். எங்கட உம்மா விரல விட்டுப் பாத்துத்தான் ஊத்துவா.”

நான் சொன்ன பதில்: “சரி சரி, நீ இரு.”

அவன் இருந்துவிட்டான். பக்கத்தில் ஒருவன் “அப்பம்” என்று மெல்லச் சொன்னான். வகுப்பு சிரித்தது. அவனுடைய உம்மா விடியற்காலையில் அப்பம் சுட்டு விற்பவர். அவன் அதைக் கடைகளுக்குக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வருகிறான். அவன் பிந்தி வருவதன் காரணமும் அதுதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்றிரவு வீட்டில் அதே பெக்கட் ஈஸ்டை எடுத்து இரண்டு போத்தலில் போட்டேன். ஒன்றில் பிளாஸ்க் தண்ணீர். மற்றதில் விரலுக்கு இதமான இளஞ்சூட்டுத் தண்ணீர். அரை மணித்தியாலம் போவதற்குள் இரண்டாவது போத்தலின் பலூன் எழுந்து நின்றது. முதலாவது அப்படியே கிடந்தது. ஈஸ்டில் பிழையில்லை. கடைக்காரரிலும் பிழையில்லை.

எனக்குத் தெரியாத விஷயமா இது? ஈஸ்ட் ஓர் உயிர். உடல் சூட்டை அண்டிய வெப்பநிலையில் அது நன்றாக வேலை செய்யும். 60 பாகை செல்சியஸ் அளவுக்குப் போனால் இறந்துவிடும். கல்வியியற் கல்லூரியில் இதைப் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். தாளில் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. அந்தத் தாய்க்குக் கையில் தெரிந்திருந்தது. அதை மகனுக்கும் கொடுத்திருக்கிறார். நான் அவனை இருத்திவிட்டேன்.

அடுத்த நாள் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் மீது பழி போட்டது பிழை, அவன் சொன்னதுதான் சரி என்றேன். “நாளைக்கு நீதான் இந்தப் பரிசோதனையைச் செய்து காட்டணும்” என்றும் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் வந்தது. “உம்மாட்ட கேட்டுட்டு வாறன் சேர்” என்றான்.

கேட்டுக்கொண்டு வந்தான். அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தான். தண்ணீர் விரலுக்குச் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. ஒரு கரண்டி சீனி போட வேண்டும். நுரை வந்தால்தான் மாவில் ஊற்ற வேண்டும், வராவிட்டால் அந்த ஈஸ்டை நம்பி மாவைக் கரைக்கக் கூடாது. மழை நாளில் மா பொங்கச் சுணங்கும், அதனால் அடுப்படிக்குக் கிட்ட வைக்க வேண்டும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும்.

சேர்மாரே, டீச்சர்மாரே, அந்தப் பக்கத்தை ஒருக்கா யோசித்துப் பாருங்கள். முழு மாவையும் நாசமாக்காமல் சிறு கோப்பையில் முதலில் சோதித்துப் பார்ப்பது, வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது, காலநிலைக்கு ஏற்ப நேரத்தை மாற்றுவது, எல்லாம் அதில் இருக்கிறது. பிழைத்தால் அன்றைய வருமானம் போய்விடும் என்பதால் அவர் எங்களை விடக் கவனமாகச் செய்கிறார்.

அன்று மூன்று போத்தல் வைத்தோம். ஐஸ் தண்ணீர், இளஞ்சூடு, பிளாஸ்க் சூடு. இளஞ்சூட்டுப் போத்தலின் பலூன் மட்டும் ஊதியது. பிறகு அவன் ஐஸ் போத்தலைக் கொண்டு போய் யன்னலோரம் வெயிலில் வைத்தான். பாடசாலை விடும் நேரம் அதன் பலூனும் எழும்பியிருந்தது. பிளாஸ்க் போத்தல் அதே வெயிலில் பக்கத்திலேயே இருந்தும் அசையவில்லை. அவன் வகுப்பைப் பார்த்துச் சொன்னான்: “குளிர்ல வெச்சது நித்திர. சூட்டுல வெச்சது மௌத்.”

குளிர் நுண்ணங்கியைப் பெரும்பாலும் நிறுத்தி வைக்கும், கடுஞ்சூடு கொல்லும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கறியை வெளியில் எடுத்து வைத்தால் ஏன் பழுதாகிறது, ஏன் நன்றாகக் கொதிக்கவைக்கச் சொல்கிறோம் என்பதெல்லாம் அந்த இரண்டு வசனத்துக்குள் அடங்கிவிட்டது. நான் ஒரு பாடவேளை முழுக்கப் பேசியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனிப் பரிசோதனைகளுக்கு வருவோம்.

1. ஈஸ்ட் போத்தல்

அரை லீற்றர் வெற்றுப் போத்தல்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் அரைக் கோப்பை தண்ணீர், இரண்டு தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். தண்ணீரின் சூடு மட்டும் வேறு வேறு. சூடான தண்ணீரைப் பெரியவர்கள் ஊற்றுங்கள். பலூனை முதலே ஒரு தடவை ஊதி விட்டால் இறப்பர் இளகிவிடும். பிறகு போத்தலின் வாயில் மாட்டுங்கள். அரை மணித்தியாலம் பொறுங்கள். ஈஸ்ட் மிச்சப்படுத்த வேண்டுமானால் பாதி அளவில் செய்யலாம், ஆனால் மூன்றிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். முக்கியமாக, போத்தலை மூடியால் இறுக்கி மூடவே வேண்டாம். வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும்.

2. மஞ்சள் கறை

இது ஒவ்வொரு வீட்டிலும் நடப்பது. வெள்ளைச் சீருடையில் கறி பட்டுவிடும். சவர்க்காரம் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும். பிள்ளை பயந்துவிடும். அலசினால் திரும்ப மஞ்சளாகும்.

ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வையுங்கள். நீட்டு நீட்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு துளி: தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, அப்பச்சோடா கரைத்த நீர், சவர்க்கார நீர், அடுப்புச் சாம்பல் கரைத்த நீர். வீட்டில் மூத்தம்மாவின் வெற்றிலைத் தட்டம் இருந்தால் சுண்ணாம்பில் ஒரு பொட்டு. சுண்ணாம்பைப் பெரியவர்களே தொட்டு வையுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

சிவக்கிறவை எல்லாம் மூலங்கள். மஞ்சளாகவே இருப்பவை அமிலங்கள் அல்லது நடுநிலையானவை. சிவந்த இடத்தில் தேசிக்காய் விட்டுப் பாருங்கள். ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத்தாள் செய்கிற வேலையில் ஒரு பகுதியை இந்தத் தாள் செய்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே பழைய துணியில் இரண்டு துண்டு எடுத்து, இரண்டிலும் மஞ்சள் கறை வைத்து, ஒன்றை வெயிலிலும் மற்றதை வீட்டுக்குள் இருட்டிலும் இரண்டு மூன்று நாள் போடுங்கள். வெயிலில் கிடந்தது வெளிறியிருக்கும். மஞ்சளின் நிறப்பொருளை வெயில் உடைக்கிறது. உம்மாமார் கறைபட்ட சட்டையை வெயிலில் போடுவது சும்மா இல்லை.

3. மிளகும் சவர்க்காரமும்

ஒரு பீங்கானில் தண்ணீர். மேலே ஒரு சிட்டிகை மிளகுத் தூள். விரல் நுனியில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி தொட்டு, நடுவில் வையுங்கள். மிளகு ஓரத்துக்கு ஓடும். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணி மாதிரி. சவர்க்காரம் பட்ட இடத்தில் அந்த இழுப்புக் குறைகிறது. வெளிப்பக்கத் தண்ணீர் தன் பக்கம் இழுக்க, மிளகும் கூடப் போகிறது. இதைத்தான் பரப்பிழுவிசை என்கிறோம்.

பிள்ளை உடனே “இன்னொருக்கா” என்று கேட்கும். அதே தண்ணீரில் செய்து பாருங்கள். நடக்காது. ஏன் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பீங்கானை நன்றாகக் கழுவித் தண்ணீர் மாற்றினால்தான் திரும்ப நடக்கும்.

இந்தப் பரிசோதனையைச் செய்யும்போது எனக்கு அக்னஸ் பொக்கல்ஸ் ஞாபகம் வருவார். 1862 இல் பிறந்தவர், ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். பெண்கள் பல்கலைக்கழகம் போக வழியில்லாத காலம். தம்பி பௌதிகவியல் படித்தார், இவர் வீட்டில் பெற்றோரைப் பராமரித்தார். குசினியில் பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சவர்க்காரமும் என்ன செய்கின்றன என்று கவனித்து, ஒரு தகரத் தொட்டியை வைத்து வருடக்கணக்கில் அளந்தார். 1891 இல் தன் முடிவுகளை இங்கிலாந்தின் றேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அதை நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பி, அந்த வருடமே அது வெளியானது. 1932 இல், 70 வயதில், அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. தொடங்கியது பாத்திரம் கழுவிய தண்ணீரில்.

4. ஸஹரிலிருந்து இஃப்தார் வரை

ஸஹர் நேரம் இரண்டு கிளாஸ் எடுங்கள். ஒன்றில் சாதாரண தண்ணீர், மற்றதில் சீனி நிறையக் கரைத்த கெட்டிப் பாகு. ஒவ்வொன்றிலும் பத்து உலர்ந்த முந்திரிகை. மூடி வையுங்கள். நோன்பு திறக்கும் நேரம் பாருங்கள். தண்ணீரில் கிடந்தவை ஊதிப் பருத்திருக்கும். பாகில் கிடந்தவை அவ்வளவு மாறியிருக்காது.

முந்திரிகைக்குள் சீனி அதிகம். வெளியே வெறும் தண்ணீர் இருந்தால் அது தோலினூடாக உள்ளே போகும். வெளியேயும் சீனி அதிகமானால் தண்ணீர் போக மாட்டாது. பிரசாரணம் என்று மேல் வகுப்பில் படிக்கும்போது பிள்ளைக்கு இந்த இரண்டு கிளாஸும் ஞாபகம் வரும். முடிந்ததும் சாப்பிடுங்கள், பாகைச் சர்பத்தில் ஊற்றுங்கள். ஒன்றும் வீண் போகாது.

வீண் போவது பற்றியும் சொல்ல வேண்டும். என் உம்மா நான் வீட்டில் இதையெல்லாம் பரப்பி வைத்ததும் சொன்ன முதல் வார்த்தை, “சாப்பாட்ட வெச்சி விளையாடாத மகன்.” அவர் சொன்னது நியாயம். வீண்விரயம் நமக்கு ஆகாது. பால்மாவுக்கு வரிசையில் நின்ற 2022 ஐ நாம் மறக்கவும் கூடாது. அதனால்தான் எல்லாம் தேக்கரண்டிக் கணக்கில் எழுதியிருக்கிறேன். சாப்பிடக்கூடியதைச் சாப்பிடுங்கள். இணையத்தில் காட்டுகிற மாதிரி லீற்றர் கணக்கில் பால் ஊற்றி நிறம் கலக்குவது எங்கள் வீடுகளுக்கு வேண்டாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது மூன்றே மூன்று.

முதலாவது, தொடங்குவதற்கு முன் “என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டு, பதிலை எழுத வையுங்கள். எழுதாவிட்டால் முடிவைப் பார்த்த பிறகு “எனக்கு முதலே தெரியும்” என்று சொல்லிவிடுவார்கள். நாமும் அப்படித்தான்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டை மாற்றினால் சீனியை மாற்றக் கூடாது. ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு அல்-ஹைதம் ஓர் இருட்டறையின் துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, ஒரு விளக்கை மறைத்தால் சுவரில் அதற்குரிய ஒளிப்பொட்டு மட்டும் மறைகிறதா என்று பார்த்தார். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அதுதான். பேச்சுப் போட்டியில் அவருடைய பெயரை உரத்துச் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் செய்தது மாதிரி ஒன்றைச் செய்து பார்க்க நாம் எத்தனை பேர் இடம் கொடுத்திருக்கிறோம்?

மூன்றாவது, விடை தெரியாவிட்டால் “எனக்கும் தெரியாது, செய்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வகுப்பில் அந்தப் பையன் எழுந்து நின்றபோது நான் சொல்லியிருக்க வேண்டியதும் அந்த வார்த்தைதான்.

கவனம்: அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து போத்தலை மூட வேண்டாம். குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தைக் கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தோடோ, வினாகிரியோடோ ஒருபோதும் கலக்க வேண்டாம், நச்சு வாயு வரும். அடுப்புப் பக்கம் பெரியவர் இல்லாமல் பிள்ளை போகக் கூடாது. எதையும் வாயில் வைத்துப் பார்ப்பது விஞ்ஞானத்தில் இல்லை. நோன்பு பிடித்த பிள்ளைகளுக்கு இந்த விதி இன்னும் இலேசு. முடிந்ததும் பாத்திரங்களைப் பிள்ளையே கழுவ வேண்டும். ஆண் பிள்ளைகளும்தான்.

கடைசியாக ஒன்று. அந்தத் தவணைப் பெற்றோர் கூட்டத்தில் அவனுடைய உம்மா பின்வரிசையில் இருந்தார். எல்லாரும் போன பிறகு கிட்ட வந்து, “நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் சேர் படிச்ச. நான் சொன்னத மகன் வகுப்புல சொன்னானாம்” என்றார். மெய்தானா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். “சொன்னான். சரியாகவும் சொன்னான். எனக்கும் அதுதான் பாடம்” என்றேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறொன்றும் பேசாமல் போய்விட்டார்.

அவன் அந்தத் தவணையில் விஞ்ஞானத்துக்கு 41 புள்ளிதான் எடுத்தான். இப்போதும் பிந்தித்தான் வருகிறான். நான் ஏசுவதில்லை. வாசலில் கண்டால் “இண்டைக்கு மா பொங்கினதா?” என்று கேட்பேன். மழை நாளென்றால் “சுணங்கித்தான் சேர்” என்பான். வகுப்பில் இப்போது அவன் கை உயர்த்துகிறான். சரியாகவும் சொல்வான், பிழையாகவும் சொல்வான். “அப்பம்” என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

இந்த விடுமுறையில் ஒரு பரிசோதனையாவது செய்யுங்கள். பலூன் ஊதிய படத்தை விட, பிள்ளை முதலில் என்ன நினைத்தது, பிறகு என்ன நடந்தது என்பதைக் கீழே எழுதுங்கள். பிழைத்துப் போனதையும் எழுதுங்கள், நானும் எழுதியிருக்கிறேன் தானே. உங்கள் உம்மாவோ மூத்தம்மாவோ “இப்படிச் செய்தால்தான் சரி வரும்” என்று சொல்லித் தந்த ஒரு சமையல் நுணுக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள். அதற்குள் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று பாடசாலை தொடங்கியதும் வகுப்பில் செய்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.